குழந்தைக்கு எஃப்-100 (எடை ஏற்றும் சிகிச்சைப் பால்) தொடங்கியாயிற்று, சார்ட்டில் எல்லாம் சரி, எடை மட்டும் ஏறவில்லை. எங்கே தேடுவது?

இரவுப்பணி கேட்டது:

வணக்கம். கடும் ஊட்டச்சத்துக் குறைபாட்டோடு வார்டில் சேர்ந்த ஒரு குழந்தையின் கணக்கை இங்கே வைக்கிறேன். பார்த்துச் சொல்லுங்கள்.

வயது 14 மாதம். சேர்ந்த அன்று எடை 7.30 கிலோ. பாதத்திலும் கெண்டைக்காலிலும் வீக்கம், இரண்டு பிளஸ் (நடுத்தர அளவு). முதல் நாள் இரத்தச் சர்க்கரை 54-க்குக் கீழே இருந்தது, உடல் சூடும் குறைவு. இரண்டும் அன்றே சரியானது. ஆன்டிபயாடிக் கோர்ஸ் முடிந்துவிட்டது. எஃப்-75 (தொடக்க நாட்களுக்கான சிகிச்சைப் பால்) முதலில் 2 மணிக்கொரு முறை, பிறகு 3 மணி, கடைசியில் 4 மணிக்கொரு முறை 160 மில்லி. 6-ஆம் நாள் வீக்கம் முழுதாக வடிந்து எடை 6.74-க்கு வந்தது. பசியும் நன்றாகத் திரும்பியது. 7, 8-ஆம் நாட்களில் அதே 160 மில்லியில் எஃப்-100. 9-ஆம் நாள் 170 ஆக்கினோம், ஆறு வேளை. அன்றிலிருந்து 170-தான்.

9-ஆம் நாள் எடை 6.80. 12-ஆம் நாள் 6.86. சார்ட்டில் ஆறு வேளையும் "முழுதும் குடித்தது" என்று டிக் இருக்கிறது. காய்ச்சல் இல்லை. ஒரு நாளைக்கு நாலு முறை இளகலாக மலம் போகிறது.

மூன்று கேள்விகள். இது உள்ளே ஒளிந்திருக்கும் காசநோயா, வேறு தொற்றா? எஃப்-100-இல் கூடுதலாக எண்ணெய் ஊற்றிக் கலோரியைக் கூட்டலாமா? பேசாமல் ஆர்.யூ.டி.எஃப். (அப்படியே ஊட்டும் சத்துப் பசை) பாக்கெட்டுக்கு மாற்றிவிடலாமா?

---

அளவுக்குவளை பதில்:

சிஸ்டர், காசநோய்க்குப் போவதற்கு முன் உங்கள் எண்களையே ஒருமுறை வகுத்துப் பார்த்துவிடுவோம். பதிலில் பாதி அதிலேயே இருக்கிறது.

3 நாளில் 60 கிராம், அதாவது நாளுக்கு 20. அதை 6.8-ஆல் வகுத்தால் கிலோவுக்கு 2.9 கிராம். ஒரு நாளைக்குக் கிலோவுக்கு 10 கிராமுக்கு மேல் ஏறினால் நல்ல முன்னேற்றம், 5 முதல் 10 வரை சுமார், 5-க்குக் கீழே மோசம் என்பது உலக சுகாதார நிறுவனம் வைத்திருக்கும் அளவு. ஆக இது மோசம்தான், நீங்கள் கவலைப்படுவது சரி.

அடுத்து உள்ளே போன கணக்கு. எஃப்-100 என்றால் 100 மில்லியில் 100 கலோரி. 170 மில்லி ஆறு வேளை 1020 கலோரி, கிலோவுக்கு 150. உடம்பு தன்னை நடத்திக்கொள்ளவே கிலோவுக்கு ஏறக்குறைய 100 கலோரி எடுத்துக்கொள்ளும். மிஞ்சுவதுதான் சதையாகிறது. ஒரு கிராம் எடை ஏறச் சுமார் 5 கலோரி வேண்டும். மிச்சம் 50 என்றால் கிலோவுக்கு 10 கிராம் ஏறியிருக்க வேண்டும். ஏறியது 2.9.

இதையே திருப்பிப் போடுங்கள். 2.9 கிராமுக்குச் செலவானது 15 கலோரி. அப்படியானால் இந்தக் குழந்தைக்குக் கணக்கில் சேர்ந்தது கிலோவுக்கு 115 கலோரிதான். சார்ட் சொல்வதற்கும் உடம்பு சொல்வதற்கும் நடுவே கிலோவுக்கு 35 கலோரி காணவில்லை. 6.8 கிலோவுக்கு அது 240 கலோரி, அதாவது 240 மில்லி பால். ஏறக்குறைய ஒன்றரை வேளை. இது உத்தேசக் கணக்கு, குழந்தைக்குக் குழந்தை முன்பின் ஆகும். ஆனாலும் ஒன்றரை வேளைப் பால் காணாமல் போக வழி இருக்கிறதா என்று தேடிப் பார்த்துவிட்டு எக்ஸ்ரே எழுதினால் நல்லது.

முதலில் தேட வேண்டிய இடம் இரவு 2 மணி. வார்டில் ஆள் குறைவு, குழந்தை தூங்குகிறது, அம்மாவும் அசந்திருப்பார். "எழுப்ப வேண்டாம், காலையில் சேர்த்துக் கொடுக்கலாம்" என்று விட்டுவிடுவார்கள். ஒரு வேளை தவறினால் 170 கலோரி, கிலோவுக்கு 25. ஐந்தால் வகுத்தால் 5 கிராம். ஒரே ஒரு ராத்திரி வேளை, எடை ஏற்றத்தில் பாதியைத் தின்றுவிடும். காலையில் சேர்த்துக் கொடுக்கவும் முடியாது. அந்த வயிறு ஒரே வேளையில் 340 மில்லி தாங்காது, தாங்கினாலும் பாதி வாந்தியாக வெளியே வரும்.

இரண்டாவது, டிக். டிக் என்பது அளவு ஆகாது. ஒவ்வொரு வேளைக்கும் மூன்று எண் எழுத வேண்டும்: குவளையில் ஊற்றியது எவ்வளவு, மிச்சம் வைத்தது எவ்வளவு, வாந்தியிலோ சிந்தியோ போனது உத்தேசமாக எவ்வளவு. முதலாவதிலிருந்து மற்ற இரண்டையும் கழித்தது மட்டும்தான் உள்ளே போனது. மிச்சத்தைக் கண்ணால் மதிப்பிட வேண்டாம். அடி குறுகிய குவளையில் "கொஞ்சம்தான் மீதி" என்று தெரிவது ஊற்றிப் பார்த்தால் 40 மில்லி இருக்கும். மிச்சத்தை அடுத்த வேளைப் பாலோடு கலக்கவும் கூடாது, கொட்டிவிட வேண்டும்.

மூன்றாவது, பால் கலக்கும் இடம். நீங்கள் வார்டிலேயே கலக்குகிறீர்களா, பாக்கெட்டில் வருவதா என்று சொல்லவில்லை. கலக்குவதாக இருந்தால் அளவு இதுதான்: கொழுப்பு நீக்கிய பால்பவுடர் 80 கிராம், சர்க்கரை 50 கிராம், எண்ணெய் 60 கிராம், தாது உப்புக் கரைசல் 20 மில்லி, காய்ச்சி ஆறிய தண்ணீர் ஊற்றி மொத்தம் 1000 மில்லி. "மொத்தம்" என்ற சொல்லில்தான் பலர் சறுக்குகிறார்கள். 1000 மில்லி தண்ணீரை அளந்து இதில் ஊற்றினால் கிடைக்கும் பால் 1100 மில்லியையும் தாண்டும், ஒவ்வொரு குவளையும் நீர்த்துவிடும். முதலில் கொஞ்சம் வெந்நீரில் பவுடர், சர்க்கரை, எண்ணெயைப் பசைபோல அடித்து, பிறகு தண்ணீர் சேர்த்துக்கொண்டே போய், ஜக்கில் 1000 கோட்டில் நிறுத்த வேண்டும்.

அதைவிடப் பெரிய சறுக்கல் எண்ணெய். 60 கிராம் எண்ணெய் என்றால் 540 கலோரி. ஒரு லிட்டர் எஃப்-100-இன் சக்தியில் பாதிக்கு மேல் அந்த எண்ணெயில் இருக்கிறது. சரியாக அடிக்காமல் விட்டால் அது மேலே மிதக்கும், ஜக்கின் விளிம்பில் மஞ்சள் வளையமாக ஒட்டும், கரண்டியில் ஒட்டும். அடியிலிருந்து மொண்டு ஊற்றும் குழந்தைக்கு இனிப்பான கொழுப்பு நீக்கிய பால்தான் கிடைக்கும். மின் அடிப்பான் இருந்தால் நல்லது. கையால் அடித்தால் மேலே எண்ணெய்ப் பொட்டு தெரியாத வரை விடாமல் அடிக்க வேண்டும், ஊற்றுவதற்கு முன் ஒவ்வொரு வேளையும் மறுபடி கலக்க வேண்டும். ஜக்கைக் கழுவும்போது விரலில் வழவழப்பு எவ்வளவு வருகிறது என்று பாருங்கள். அது குழந்தைக்குப் போக வேண்டிய கலோரி.

கடைசியாக ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம். 170-இல் ஏன் நின்றீர்கள்? கிலோவுக்கு 150 வந்துவிட்டது என்பதாலா? 150 என்பது அடிமட்டம், மேல்மட்டம் 220. இந்தக் குழந்தைக்கு அது நாளுக்கு 1496 மில்லி, வேளைக்குச் சுமார் 250. எஃப்-75-இலிருந்து எஃப்-100-க்கு மாறும் இரண்டு நாள் முடிந்த பிறகு ஒவ்வொரு வேளையும் 10 மில்லி கூட்டிக்கொண்டே போய், குவளையில் கொஞ்சம் மிச்சம் வைக்கும் வரை ஏற்றுவதுதான் முறை. வேளா வேளைக்கு முழுதும் குடித்தது என்று மூன்று நாளும் எழுதியிருந்தால், ஒன்று அந்த எழுத்து பொய், இல்லையென்றால் குழந்தை இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறது.

---

தராசுமுள் பதில்:

மேலே உள்ள கணக்கோடு எனக்குச் சண்டை இல்லை. ஆனால் அந்த 60 கிராம் உண்மையான 60 கிராமா என்று யாரும் கேட்கவில்லையே.

நாளுக்கு 20 கிராம் ஏற்றத்தைப் பிடிக்க வேண்டுமானால் தராசு 10 கிராம் வரை காட்ட வேண்டும். 100 கிராம் கோடு போட்ட தொங்கு தராசில் 6.80, 6.86 என்று எழுதியிருந்தால் அது அளந்ததல்ல, ஊகித்தது. மூத்திரம் நனைந்த ஒரு துணி மட்டுமே இந்த 60 கிராமை விழுங்கிவிடும். ஒரு நாள் பால் குடித்த கையோடு நிறுத்தினால் 170 கிராம் கூடுதல் காட்டும், மறுநாள் வெறும் வயிற்றில் நிறுத்தினால் "எடை இறங்கிவிட்டது" என்று பதறுவோம்.

தினமும் ஒரே நேரம், காலைப் பாலுக்குச் சுமார் ஒரு மணி நேரம் முன்பு, உடுப்பு எதுவும் இல்லாமல். விரிப்புத் துணியைத் தட்டில் போட்டபின் முள்ளைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்து, பிறகு குழந்தை. வாரம் ஒருமுறை எடை தெரிந்த ஒரு பொருளை வைத்துத் தராசைச் சரிபார்க்க வேண்டும். இடம் மாற்றி வைத்தாலும் உடனே சரிபார்க்க வேண்டும். ஒரு நாள் ஏற்றத்தைப் பார்த்து முடிவெடுக்க வேண்டாம், மூன்று நாளைச் சேர்த்துப் பாருங்கள். அதை நீங்கள் ஏற்கெனவே செய்திருக்கிறீர்கள், நல்லது.

வீக்கம் இருந்த குழந்தை என்பதால் இன்னொன்று. ஏற்றத்தை 7.30-இலிருந்து கணக்கிடக் கூடாது. வடிந்த பிறகு வந்த குறைந்தபட்ச எடைதான் அடித்தளம், இங்கே 6.74. அதேபோல எடை ஏறும்போதும் பாதத்தை மறக்காதீர்கள். இரண்டு புறங்காலிலும் கட்டைவிரலால் மூன்று விநாடி அழுத்தி எடுத்தால் குழி விழுகிறதா என்று தினமும் பாருங்கள். குழி விழுந்தால் ஏறிய எடை சதை அல்ல, தண்ணீர்.

---

இரவுப்பணி:

இருவருக்கும் நன்றி. கேட்டவற்றுக்குப் பதில்: பால் வார்டில்தான் கலக்குகிறோம், மேலே சொன்ன அதே அளவு. ஆனால் தண்ணீரை 1000 மில்லி தனியாக அளந்துதான் ஊற்றியிருக்கிறார்கள். ஜக்கில் வளையம் இருக்கிறது. இரவு 10, 2, 6 மணி மூன்று டிக்கும் ஒரே பேனாவில் ஒரே கையெழுத்தில், வரிசை பிசகாமல். 2 மணி வேளையில் குவளையை அம்மா கையில் கொடுத்துவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். தராசு டிஜிட்டல், 10 கிராம் காட்டும். பாதத்தில் குழி இல்லை.

இரும்புச்சத்து டானிக் 9-ஆம் நாளிலிருந்து போகிறது. அளவைக் கூட்டும்போது எதைப் பார்த்துப் பயப்பட வேண்டும், எதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்? தொற்று பற்றிய கேள்விக்கும் யாராவது சொல்லுங்கள்.

---

பிஞ்சுநலம் பதில்:

தொற்றிலிருந்து தொடங்குகிறேன். பாலைச் சரிசெய்த பிறகு தேடலாம் என்று தள்ளிப்போட வேண்டாம், இரண்டும் சேர்ந்தே நடக்கலாம். கடும் ஊட்டச்சத்துக் குறைபாடுள்ள குழந்தைகளுக்குத் தொற்று இருந்தாலும் காய்ச்சல் வராமல் போகலாம், வெள்ளணுவும் ஏறாமல் போகலாம். உடம்புக்குச் சூடேற்றவே தெம்பில்லை. ஆகவே "காய்ச்சல் இல்லை" என்ற வரியை வைத்து எதையும் விலக்க முடியாது.

செலவில்லாத இரண்டு சோதனைகளை முதலில் செய்யுங்கள். காதுக்குள் விளக்கடித்துப் பாருங்கள், சீழ் ஒழுகாமலே செவிப்பறை சிவந்திருக்கலாம். சிறுநீரை நுண்ணோக்கியில் பாருங்கள். மூத்திரத் தொற்று சத்தமே இல்லாமல் எடையைப் பிடித்து நிறுத்தும். மூன்றாவது மலம். நாலு முறை இளகலாகப் போவது இந்த நிலையில் அதிசயமில்லை, குடலின் உட்சுவர் தேற நாளாகும், எடை ஏற ஏற அதுவும் அடங்கும். மலத்தில் ஜியார்டியா (குடல் ஒட்டுண்ணி) தெரிந்தால் அதற்கு மருந்து. பாலை நிறுத்த வேண்டாம். லாக்டோஸ் (பால் சர்க்கரை) செரிக்கவில்லை என்று அவசரப்பட்டுப் பாலை மாற்றுவது வார்டுகளில் அடிக்கடி நடக்கிறது. அது உண்மையில் அபூர்வம்.

காசநோய் பட்டியலில் கட்டாயம் உண்டு, எச்.ஐ.வி.-யும்தான். வீட்டில் இருமல் உள்ளவர் இருக்கிறாரா என்று கேளுங்கள், மார்பு எக்ஸ்ரே எடுங்கள். காசநோய்ச் சோதனைக்குத் தோலில் போடும் மான்டூ ஊசி இந்தக் குழந்தைகளில் பொய்யாக "இல்லை" காட்டும், அதை நம்பி மூடிவிட வேண்டாம். எதற்கு எப்போது போவது என்றால்: பால் சரியாகக் கலந்து, சரியாக அளந்து, ராத்திரி வேளையும் உள்ளே போய், அதன்பிறகும் தொடர்ந்து மூன்று நாள் கிலோவுக்கு 5 கிராமுக்குக் கீழே நின்றால் முழுத் தேடல். உங்கள் குழந்தை விஷயத்தில் அந்த மூன்று நாள் இன்னும் தொடங்கவே இல்லை. நீர்த்த பாலில் ஓடிய நாட்களை எப்படிக் கணக்கில் எடுப்பது?

இரும்புச்சத்து 9-ஆம் நாள் தொடங்கியது சரி. எஃப்-75 ஓடும்போது கொடுக்கக் கூடாது. அப்போது இரும்பைக் கட்டிவைத்துக்கொள்ளும் புரதம் இரத்தத்தில் குறைவாக இருக்கும், கட்டுப்படாத இரும்பு கிருமிக்குத் தீனியாகும், திசுவையும் அரிக்கும். எஃப்-100-இல் இரண்டு நாள் ஓடிய பிறகு நாளைக்குக் கிலோவுக்கு 3 மி.கி. தனிம இரும்பு, இரண்டாகப் பிரித்து. டானிக் புட்டியில் போட்டிருப்பது உப்பின் எடையா தனிம இரும்பின் எடையா என்று படித்துவிட்டுக் கணக்குப் போடுங்கள். ஆர்.யூ.டி.எஃப்.-க்கு மாறும் நாளில் டானிக்கை நிறுத்திவிட வேண்டும், அந்தப் பாக்கெட்டில் இரும்பு ஏற்கெனவே இருக்கிறது.

கூடுதல் எண்ணெய் வேண்டவே வேண்டாம். எஃப்-100-இல் கலோரி, புரதம், பொட்டாசியம், மெக்னீசியம், துத்தநாகம் எல்லாம் ஒன்றுக்கொன்று விகிதத்தில் வைத்தது. எண்ணெய் மட்டும் கூடினால் கொழுப்பு ஏறும், தசை ஏறாது. வயிற்றுப்போக்கும் கூடும். ஊற்றச் சொன்ன 60 கிராமே வளையமாக ஜக்கில் நிற்கும்போது 70 ஊற்றி என்ன ஆகப்போகிறது? அதைவிட அந்தத் தாது உப்புக் கரைசல் 20 மில்லி உண்மையிலேயே ஒவ்வொரு ஜக்கிலும் விழுகிறதா என்று பாருங்கள். ருசியிலோ நிறத்திலோ தெரியாத பொருள் என்பதால் அதைத்தான் முதலில் மறப்பார்கள். துத்தநாகமும் பொட்டாசியமும் போகாமல் தசை கட்டாது.

பயப்பட வேண்டியது எது என்று கேட்டீர்கள். இதயம்தான். பட்டினியில் இதயத் தசையும் மெலிந்திருக்கும், செல்லுக்குள் சோடியம் தேங்கியிருக்கும். தேற ஆரம்பித்ததும் அந்தச் சோடியம் இரத்தத்துக்கு வரும். அதோடு பாலும் வேகமாக ஏறினால் இதயம் தடுமாறும். அதனால் 4 மணிக்கொரு முறை, பாலுக்கு முன், குழந்தை அமைதியாக இருக்கும்போது, முழு ஒரு நிமிடம் நாடியும் மூச்சும் எண்ண வேண்டும். 15 விநாடி எண்ணி நாலால் பெருக்கினால் ஒரு மூச்சுப் பிசகு நாலு மூச்சாகிவிடும், நாம் தேடுவதோ 5 மூச்சு வித்தியாசம். மூச்சு 5-ம் நாடி 25-ம் கூடி, அடுத்த எண்ணிக்கையிலும் அப்படியே நின்றால் அளவைக் குறைக்க வேண்டும்: கிலோவுக்கு வேளைக்கு 16 மில்லி ஒரு நாள், 19 மில்லி ஒரு நாள், 22 மில்லி இரண்டு நாள், பிறகு மறுபடி பத்துப் பத்தாக. உங்கள் குழந்தைக்கு அது ஏறக்குறைய 110, 130, 150 மில்லி. கழுத்து இரத்தக்குழாய் புடைப்பது, கல்லீரல் பெரிதாவது, இமை வீங்குவது, கை கால் சில்லிடுவது இவற்றில் எது தெரிந்தாலும் அடுத்த எண்ணிக்கைக்காகக் காத்திருக்காமல் மருத்துவரைக் கூப்பிடுங்கள்.

பயப்பட வேண்டாதது: குழந்தை திடீரென்று அழுது பால் கேட்பது, வயிறு சற்று உப்பலாகத் தெரிவது, ஒரு நாள் எடை அசையாமல் நிற்பது.

---

தராசுமுள்:

ஒன்று விட்டுப்போனது. பால் முழுதும் குடிக்கிறது, வாந்தியும் யாரும் பார்க்கவில்லை, ஆனாலும் எடை ஏறவில்லை என்றால் குழந்தையைத் தனியே படுத்திருக்கும்போது தூரத்திலிருந்து கவனியுங்கள். சில குழந்தைகள் குடித்த பாலைத் தாமே மெதுவாக வாய்க்குக் கொண்டுவந்து அசைபோடும். நாம் எதிரே நின்றால் செய்யாது. சட்டைக் காலரில் புளித்த வாடை, தலையணையில் காய்ந்த பால் கறை, ஓரமாக ஈரமான கன்னம் ஆகியவைதான் துப்பு. அதட்டினால் கூடும். மடியில் வைத்துக்கொள்ள, முகம் பார்த்துப் பேச, விளையாட்டுக் காட்ட ஆள் வேண்டும். தினம் 15 முதல் 30 நிமிட விளையாட்டு சிகிச்சையின் பகுதிதான், ஓய்வுநேரப் பொழுதுபோக்கு அல்ல. மூலையில் கிடக்கும் கட்டிலிலிருந்து நடமாட்டம் உள்ள கட்டிலுக்கு மாற்றினாலே சில குழந்தைகளில் வித்தியாசம் தெரியும்.

---

அளவுக்குவளை:

சிஸ்டர், மூன்று ஓட்டை கண்டுபிடித்தாயிற்று. நீர்த்த பால், மிதந்த எண்ணெய், 2 மணி. 240 கலோரி தொலைய இது தாராளம்.

இன்றிரவுக்கு: பால் ஜக்கில் 1000 கோடு வரை மட்டும். 2 மணிக்குக் குவளையை அம்மாவிடம் கொடுத்துவிட்டு நகர வேண்டாம். குழந்தையை எழுப்பி, மடியில் நிமிர்த்தி உட்காரவைத்து, முகத்தைத் துடைத்துவிட்டு, குவளையிலேயே கொடுங்கள். பாட்டில் வேண்டாம். தூக்கக் கலக்கத்தில் படுக்கவைத்தபடி ஊற்றினால் நுரையீரலுக்குப் போகும். பத்து மில்லி உறிஞ்சிவிட்டுக் கண் சொருகினால் காதுமடலை வருடி எழுப்பி மறுபடி கொடுக்கலாம். இருபது நிமிடம் பிடிக்கும், அதற்கு ஆள் ஒதுக்கத்தான் வேண்டும். தாய்ப்பால் குடிக்கும் குழந்தை என்றால் தொடரட்டும், எஃப்-100 வேளைகளுக்கு நடுவே. வேளை நெருங்கும்போது கஞ்சியோ பிஸ்கட்டோ யாரும் கொடுக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். தண்ணீராக இருக்கும் கஞ்சி வயிற்றை நிரப்பிவிடும், கலோரி மட்டும் இருக்காது.

அளவைப் பொறுத்தவரை, பால் இனிமேல்தான் முழுச் சக்தியோடு போகப்போகிறது. அதனால் முதல் நாள் 170-லேயே வைத்து நாடியும் மூச்சும் எண்ணுங்கள். நிதானமாக இருந்தால் மறுநாளிலிருந்து 180, 190 என்று போகலாம். இந்த ஒரு நாள் தாமதம் விதியில் இல்லை, என் எச்சரிக்கை மட்டும். பிஞ்சுநலம் டாக்டர் வேண்டாம் என்றால் விட்டுவிடலாம்.

ஆர்.யூ.டி.எஃப். கேள்விக்கு வருகிறேன். எடை ஏறவில்லை என்பதற்காக மாற்றுவது தவறான காரணம். அதைப் பசி திரும்பி, வீக்கம் வடிந்து, சிக்கல்கள் அடங்கி, வீட்டிலிருந்தே சிகிச்சையைத் தொடரலாம் என்ற நிலையில் மாற்றுங்கள். இந்தக் குழந்தை அதற்குத் தொலைவில் இல்லை. 92 கிராம் பாக்கெட்டில் 500 கலோரி. 6.8 கிலோவுக்கு நாளைக்கு இரண்டரைப் பாக்கெட் என்றால் கிலோவுக்கு 184 கலோரி வரும். முதலில் வார்டில் வைத்தே தின்னப் பழக்கிப் பாருங்கள். பசையில் தண்ணீர் கிடையாது, கூடவே குடிதண்ணீர் நிறையக் கொடுக்க வேண்டும். அதைப் பாலில் கரைத்துக் கொடுக்க வேண்டாம். உறையைத் திறந்து அப்படியே விரலில் எடுத்து ஊட்டலாம். பாதித் திறந்த பாக்கெட்டை மடித்து வைத்து அடுத்த வேளைக்குத் தரலாம், அது பால்போல சீக்கிரம் கெடாது.

வீட்டுக்கு அனுப்புவதும் சிகிச்சையை முடிப்பதும் ஒன்றல்ல என்பதை அம்மாவிடம் தெளிவாகச் சொல்லிவிடுங்கள். மேல்கைச் சுற்றளவு 125 மி.மீ. ஆகி, அல்லது உயரத்துக்கேற்ற எடை மைனஸ் 2 இசட்-ஸ்கோருக்கு வந்து, வீக்கம் இல்லாமல் குறைந்தது இரண்டு வாரம் ஆன பிறகுதான் முடிவு. சேர்த்தபோது எந்த அளவுகோலை வைத்துச் சேர்த்தீர்களோ அதை வைத்தே முடிக்க வேண்டும். வீக்கத்துக்காக மட்டும் சேர்ந்த குழந்தை என்றால் இரண்டில் எதை வார்டில் வழக்கமாக வைத்திருக்கிறீர்களோ அது.

---

இரவுப்பணி:

ஜக்கில் 1000 கோட்டுக்கு மேலே சிவப்பு டேப் ஒட்டியாயிற்று. டிக் கட்டத்தை அடித்துவிட்டு ஊற்றியது, மிச்சம், வாந்தி என்று மூன்று கட்டம் வரைந்திருக்கிறோம். சிறுநீர் நாளை காலை போகிறது. 15-ஆம் நாள் எடையை இங்கேயே பதிகிறேன்.

---

பிஞ்சுநலம்:

எடையோடு அந்த மூன்று கட்டத்தின் கூட்டுத்தொகையையும் பதியுங்கள். இரண்டும் சேர்ந்து இருந்தால்தான் ஏதாவது சொல்ல முடியும். 170 மில்லி நிதானமாகப் போன நாளில் அளவைக் கூட்டுங்கள், இன்னொரு நாள் காத்திருக்கத் தேவையில்லை.